மூன்று முறையும் ஒரே மாதிரி ஊதியவர்

நான் வேலை பார்த்த நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் புதிதாக ஓர் ஊதும் கருவி வந்திருக்கிறதாம். அதன் திரையில் ஒரு பலூன் இருக்கிறது. நோயாளி ஒழுங்காக ஊதினால் அது பறக்கிறது. "நன்றாக ஊதவும்" என்று பெண் குரலில் தமிழிலேயே சொல்கிறது. சரியாக ஊதாவிட்டால் "முயற்சி போதாது" என்று சிவப்பு எழுத்தில் தீர்ப்பையும் தானே எழுதிவிடுகிறது. பிரிவில் இப்போது உதவிப் பேராசிரியராக இருக்கும் பெண் தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்.

"இளையவங்களுக்கு ஊக்கமா இருக்கணும் சார்."

ஊக்கம் என்னிடம் எந்தக் காலத்திலும் கையிருப்பில் இருந்ததில்லை. "முயற்சி போதாது" என்பதைப் பற்றி மட்டும் வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். உடனே சம்மதித்தார். பக்கத்தை நிரப்ப ஆள் கிடைக்காத அவசரம் குரலில் தெரிந்தது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேற்படிப்புக்கு எலும்பு முறிவுத் துறை கேட்டேன், நுரையீரல் கிடைத்தது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் வடசென்னையிலேயே பணியமர்த்தினார்கள் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் அந்த இடத்தை வேறு யாரும் கேட்கவில்லை. ராயபுரம் ரயிலில் இறங்கி நடந்து வருகிறவர்கள், எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள், மாதவரத்திலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள் என்று வரிசை காலையிலேயே படிக்கட்டு வரை நிற்கும். மூட்டை இறக்கியவர், மாவு மில்லில் நின்றவர், வெல்டிங் புகையில் வெந்தவர் யாராக இருந்தாலும், என்ன தொந்தரவு என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வீசிங் சார்."

நுரையீரலில் எனக்குப் பிடிபடாத விஷயங்கள் பல உண்டு. அவற்றைவிட அதிகம் சிரமப்படுத்தியவை சொற்கள். காசநோய் வந்த குழந்தையின் தாயிடம் "டி.பி." என்று சொன்னால் அடுத்த நாள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றால் ஆறு மாதமும் தவறாமல் வந்து மாத்திரை வாங்குவார். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு தாய்க்கு விளக்கப் போய் நான் பட்ட பாடு நினைவிருக்கிறது.

"இன்னா டாக்டர் நீ? எங்க வூட்ல அந்த மாறி நோவெல்லாம் யாருக்கும் கெடையாது. கொயந்தைக்கு வெறும் பிரைமரி காம்ப்ளக்ஸு. போன தபா இருந்த டாக்டரம்மா நல்லா படிச்சவங்க, அவங்களே சொன்னாங்க."

அதன்பிறகு நானும் நன்றாகப் படித்தவனாகிவிட்டேன். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றே சொன்னேன். குழந்தைகள் குணமானார்கள். மெலிந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டி, நோயே இல்லாமல் மாத்திரை விழுங்க வைத்த தனியார் கிளினிக்குகளும் உண்டு. அதைப் பற்றி எழுதினால் மலர் வெளிவராது.

ஊதும் சோதனைக்கு வருகிறேன். படிக்கும்போது அது எளிது என்று நினைத்திருந்தேன். மூக்கில் கிளிப் மாட்டவேண்டும். குழாயைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக மூடவேண்டும். பல்செட் தளர்வாக இருந்தால் கழற்றவேண்டும். இறுக்கமாக இருந்தால் கழற்றக்கூடாது. நெஞ்சு நிறைய இழுத்து, வெடித்தாற்போல் ஊதி, இனி ஒன்றுமில்லை என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருந்து, பிறகு அதே வேகத்தில் உள்ளே இழுக்கவேண்டும். இப்படிக் குறைந்தது மூன்று முறை. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் சோதனை செல்லும். நோயாளி ஊதும்போது பக்கத்தில் ஒருவர் "ஊது ஊது ஊது" என்று கத்தவேண்டும். அதற்கான டெக்னீஷியன் பதவி நான் சேர்ந்த நாளில் காலியாக இருந்தது. ஓய்வுபெற்ற நாளிலும் காலியாகவே இருந்தது. ஆகவே கத்தியவன் நான்.

எங்கள் பக்கத்தில் "ஊது" என்ற சொல்லை முதலில் சொல்கிறவர் டாக்டர் அல்ல. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் குழாயை நீட்டும் போலீஸ்காரர். லாரி, டிரெய்லர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எங்கள் கருவியைப் பார்த்ததும் அவர்களுடைய வாய் தானாகவே அந்தப் பழைய வித்தையைச் செய்யத் தொடங்கிவிடும். நாக்கால் ஓட்டையை அடைப்பார்கள். உதட்டோரமாகக் காற்றைக் கசியவிடுவார்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு உள்ளே இழுப்பார்கள். ஒரு ஷேர் ஆட்டோக்காரர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "நேத்து சாயங்காலம் ஒரே ஒரு கட்டிங்தான் சார், அதுவும் தோஸ்து வூட்டுக் கல்யாணம்" என்று ஒப்புக்கொண்டார். இப்படி ஊதினால் வரைகோடு அழுக்காக வரும். அதன்மேல் "முயற்சி போதாது" என்று எழுதி மறுபடி வரச்சொல்வோம்.

இதை எழுதும் உரிமை எங்கள் சீஃபுக்கு மட்டும் உண்டு. அவர் ஒரு அம்மையார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளிக்கு நாற்காலி, டாக்டர்கள் நிற்கவேண்டும். எங்களை "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்க" என்பார். "நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்கப்பட்டவர் அந்த வாரம் முழுவதும் தலைநிமிர மாட்டார். வரைகோட்டுத் தாளைக் கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்ப்பார். கண்ணாடி போட்டுக்கொண்டால் தீர்ந்திருக்கும், போட்டுக்கொள்ள மாட்டார். பார்த்து முடித்ததும் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் இரண்டு சொல். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் சொல்ல வந்தது டோமினிக் என்பவரைப் பற்றி; பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். வயது நாற்பதுக்குள். ராயபுரத்துக்காரர். ஒரு வருடமாக வீசிங் என்று ஊரிலுள்ள எல்லா கிளினிக்கும் பார்த்து, எல்லா பம்ப்பும் அடித்து, ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி எங்களிடம் வந்தார். அவருடன் மனைவி ஸ்டெல்லாவும் அண்ணன் மைக்கேலும் வந்திருந்தார்கள். மைக்கேல் அதே கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். தம்பி பாதி நாள் வேலைக்கு வருவதில்லை என்பதால், மூச்சு சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கொண்டுவா, இல்லாவிட்டால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

முதுநிலை மாணவர் ஒருவர் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கருவியின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மூச்சிரைப்பு எப்போலேந்து?"

டோமினிக் மனைவி பக்கம் திரும்பினார். ஸ்டெல்லா சொன்னார்: "மருந்து குட்சதுக்கு அப்பாலதான் டாக்டர்."

"ஆமா சார், ஏதோ இருமல் டானிக்கு, இவனுக்கு ஒத்துக்கல" என்றார் மைக்கேல். "நான் அப்ப கப்பல் வேலைல வெளிநாட்ல இருந்தேன். போன்லயே சொன்னேன், கண்ட மெடிக்கல்ல வாங்கிக் குடிக்காதடான்னு. கேட்டாத்தானே?"

"ஆமா" என்றார் டோமினிக். குரல் கரகரத்தது.

மாணவர் மருந்து ஒவ்வாமை என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஊதும் சோதனை. மைக்கேல் எனக்கு உதவியாகத் தானும் கத்தினார்.

"ஊது நைனா! இன்னாடா இது, டோல்கேட்டாண்ட போலீஸ் நிக்கிற மாறியே ஊதற? இவரு டாக்டர்டா. டபாய்க்காம ஊது! சார், இவன் சின்ன வயசுல தேர்த் திருவிழால ஒரே மூச்சுல பலூன ஒடைப்பான் சார். இப்ப பாரு, கொசு ஊதற மாறி ஊதறான்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டோமினிக்கும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்புக்குப் பதில் உள்ளேயிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று முறை ஊதினார். சீஃப் தாளை நீட்டிப் பார்த்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். முயற்சி போதாது.

"போலீஸ் ஊதல். ஆஸ்துமா மருந்தைத் தொடரட்டும். வேலைக்குப் போகலாம்னு எழுதிக் குடு. அடுத்து."

அந்தத் தாளைக் கோப்பில் வைக்கப் போனவன் நின்றேன். ஆரோக்கியமானவர் ஊதினால் கோடு விர்ரென்று ஏறி ஒரு கூம்பாகி, மெல்லச் சரிந்து இறங்கும். ஆஸ்துமாக்காரருக்கு அந்தச் சரிவு குழிந்து தொங்கும். ஏமாற்றுகிறவருக்குக் கோடு குடிகாரன் நடை மாதிரி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். டோமினிக்குக்கு மேலே ஏறிய உடனே யாரோ கத்தியால் வெட்டியதுபோல் தட்டை. இழுக்கும்போதும் கீழே அதே தட்டை. மொத்த உருவமும் அவர் ஓட்டும் வண்டியின் பின்னால் இருக்கும் பெட்டி மாதிரி இருந்தது. மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று பெட்டியும் ஒரே பெட்டிதான்.

அப்படியே கொண்டுபோய் சீஃப் முன் பிடித்தேன். அவர் கையை நீட்டவில்லை. நான்தான் பின்வாங்கி நின்று தூரத்தைச் சரிசெய்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு முறையும் ஒரே மாதிரி ஏமாத்த ஒருத்தனால முடியும்னா, அவனுக்கு நம்ம வேலையைக் குடுத்துட்டு நாம டிரெய்லர் ஓட்டப் போகலாம்" என்றார்.

எழுந்து டோமினிக்கிடம் போனார். நெஞ்சில் வைக்கவேண்டிய ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில், குரல்வளைக்குக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு காதிலிருந்து கழற்றி மாணவரின் காதில் மாட்டிவிட்டார். அந்தப் பையனின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு வருடமாக ஊரெல்லாம் நுரையீரலில் தேடிய சத்தம் கழுத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மூச்சுக்குழாயே குறுகிப்போயிருந்தது. பம்ப் அடித்து அதைத் திறக்க முடியாது. ஒரு சிறு சளிக்கட்டி குறுக்கே உட்கார்ந்தால் போதும். சர்டிபிகேட்டோடு, எண்ணூர் சாலையில், டிரெய்லரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் கதை முடிந்துவிடும்.

நல்ல மூச்சுக்குழாய் ஏன் குறுகும்? கட்டி இருக்கலாம். காசநோய் குழாய்க்குள்ளேயே வந்திருக்கலாம். அல்லது எப்போதாவது வென்டிலேட்டர் குழாய் நாள்கணக்கில் உள்ளே இருந்திருக்கலாம். அந்தக் குழாயின் முனையிலுள்ள சிறு பலூன் சுவரை அழுத்தி, அங்கே புண்ணாகி, புண் ஆறும்போது தழும்பு வளையமாக இறுகும். சீஃப் கேட்டார்: "எப்பவாவது ஐ.சி.யூ.ல இருந்தியா?"

"இல்ல மேடம்" என்றார் டோமினிக்.

"மூளைக் காய்ச்சல்னு ஒரு தபா பட்துகினு இருந்தானே" என்று மைக்கேல் தொடங்கினார். டோமினிக் அண்ணனைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். ஸ்டெல்லா தன் புடவைத் தலைப்பைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த வாக்கியம் எனக்குத் திரும்பக் கேட்டது. மருந்து குடித்த பிறகு. மருந்து சாப்பிட்டேன் என்றால் மருந்துதான். மருந்து குடித்தேன் என்றால், யார் சொல்கிறார்கள், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று கவனிக்கவேண்டும். நாள் முழுக்கத் தாய்மார்களிடம் "புள்ள மருந்து குடிச்சானா" என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லின் மறுபாதி எங்கள் காதில் தேய்ந்துபோயிருந்தது. ஸ்டெல்லா முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் டானிக் என்று புரிந்துகொண்டோம்.

அரசு மருத்துவமனையில் கூட வந்தவரை வெளியே அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. சீட்டில் முத்திரை விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னால் போதும். "கீழ கவுன்ட்டர்ல சீல் போட்டுகினு வாங்க அண்ணே" என்றேன். மைக்கேல் புலம்பியபடி போனார். சீஃப் எதுவும் கேட்காமல் மாணவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த நோயாளியிடம் நகர்ந்தார்.

"எந்த மருந்தும்மா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"மருந்துன்னா..." என்றார். "மருந்து சார்."

அவ்வளவுதான். டோமினிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாய்ல டியூப் வெச்சிருந்தாங்களா?"

"ரெண்டு ஞாயித்துக்கெயமை பூசைக்குப் போல சார், அங்கயேதான் இருந்தேன். டியூப எடுத்து வூட்டுக்கு வந்து, கொஞ்ச நாள் நல்லாதான் இருந்தாரு. அப்பால இந்த சத்தம் வந்துச்சு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

இதற்கு டோமினிக் பதில் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சிழுத்தார். "அண்ணனுக்குத் தெரிஞ்சா... யார்டுல தெரியும் சார். அவரு வாய் சும்மா இருக்காது. மருந்து குட்சவன்... கைல எவன் சார்... வண்டி குடுப்பான்?"

ஏன் குடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் வேறு பிரிவில் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது குழாய் எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பதுதான், அது கிடைத்துவிட்டது. தேவையில்லாமல் காசநோய் மாத்திரை ஆரம்பித்து இன்னொரு ஆறு மாதத்தைக் கழிக்கவேண்டியதில்லை.

ஸ்கேனும் உள்நோக்கிக் குழாயும் மிச்சத்தைச் சொல்லின. குரல்நாண்களுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையாக ஒரு தழும்பு வளையம். நடுவில் பென்சில்கூட நுழையாத ஓட்டை. இத்தனை நாள் அதன் வழியாகத்தான் அவர் மூச்சு விட்டிருக்கிறார், கியர் மாற்றியிருக்கிறார், அண்ணனிடம் திட்டு வாங்கியிருக்கிறார். வளையத்தை விரிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். அனுப்பும் தாளில் காரணம் எழுதவேண்டும். "முன்பு செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்டவர்" என்று எழுதினேன். சீஃப் கையெழுத்துப் போடும்முன் தாளை நீட்டிப் படித்தார்.

"எதுக்காக அளிக்கப்பட்டவர்?"

"காய்ச்சல்னு அவங்க அண்ணன் சொல்றார் மேடம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நீங்க" என்று வந்துவிட்டதால் உண்மையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். "அங்க இருக்கற மயக்க மருந்து டாக்டருக்கு நான் போன்ல சொல்றேன். தாள்ல காய்ச்சலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். பிறகு, மனநலப் பிரிவின் டாக்டர் ஒருவரை எங்கள் வார்டுக்கே வரவழைத்து, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற டாக்டர் என்று மைக்கேலுக்கு அறிமுகப்படுத்தியதும் அவர்தான். மைக்கேல் அந்த டாக்டரிடம், "எனக்கும் ரெண்டு பயிற்சி சொல்லிக்குடுங்க சார், யார்டுல கத்திக் கத்தித் தொண்ட போச்சு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்ட வளையத்தை ஒருமுறை விரித்தால் போதாது. தழும்பு திரும்ப இறுகும், திரும்ப விரிப்பார்கள். கடைசியில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். டோமினிக் பிழைத்தார். டிரெய்லரை விட்டுவிட்டு யார்டுக்குள்ளேயே ஒரு வேலைக்குப் போனார். அண்ணன் இன்றுவரை இருமல் டானிக்கைத்தான் குறை சொல்கிறார் என்று கேள்வி. மலருக்கு இந்த அளவு போதும். ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது, அந்தக் கடைசி அறுவைக்கு முன்பு ஸ்டெல்லா இரண்டு முறை வந்தது.

முதல் முறை விரித்துவிட்டு வந்த பிறகு சோதனைக்கு வந்தார்கள். டோமினிக் ஊதினார். கோடு கூம்பாக ஏறிச் சரிந்தது. நான் கத்தவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தார்.

"நல்லா மூச்சு வுடறாரு சார். சத்தமே இல்ல."

"நல்லதுதானேம்மா."

"தூக்கம் வர்ல சார். முன்ன அந்த சத்தம் கேட்டுகினே இருக்கும். பேஜாராத்தான் இருக்கும். ஆனா, கீறாருன்னு தெரியும். இப்ப ஒண்ணுமே கேக்கல. எந்திரிச்சி எந்திரிச்சி மூக்காண்ட கைய வெச்சிப் பாக்குறேன். அவரு முழிச்சிகினு இன்னான்றாரு. கொசுன்னு சொல்றேன்." டோமினிக் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அந்த சத்தத்த கொஞ்சமா வுட்டு வெக்க முடியாதா சார்?"

இதற்கு எங்களிடம் முறை எதுவும் இல்லை. மூச்சுப் பயிற்சி டாக்டரை இவரும் பார்க்கட்டும் என்று ஒரு சீட்டு எழுதினேன். பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகமாட்டார் என்று தெரிந்தது. போகவில்லை. சத்தம் திரும்ப வந்தால், லேசாக வந்தாலும், அன்றைக்கே கூட்டிவரவேண்டும் என்று அவரிடமே மூன்று முறை சொல்லி அனுப்பினேன். தலையாட்டினார்.

இரண்டாவது முறை வந்தபோது டோமினிக்கை வாசலில் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தோளெலும்புக்கு மேலே குழி விழ மூச்சிழுத்துக்கொண்டிருந்தார். ஊதச் சொல்ல நேரமில்லை. ஆக்ஸிஜன் வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஸ்டெல்லாவிடம் திரும்பினேன். முகம் தெளிவாக இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது.

"சத்தம் எப்போலேந்தும்மா?"

"ஒரு வாரமா கீது சார்."

"ஒரு வாரமா? அன்னைக்கே வரச்சொன்னேனே. ஏன் வரல?"

அவர் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்கிட்டேன் சார்."